மஞ்சள் கயிறு கட்டிய கிடா

மதுரையில் எனக்குக் கிடைத்த முதல் உபசாரம் ஒரு புத்திமதி. "ஆடு பார்க்கக் கடல் தாண்டி வந்திருக்கேன்னு வெளியில யார்கிட்டயும் சொல்லிறாதீங்க சார், சிரிப்பாங்க" என்றார் சாந்தாராம்.

சிரித்தால் சிரிக்கட்டும் என்றுதான் வந்திருந்தேன். வவுனியாவில் பெண்களுக்குச் சிறு கடன் கொடுக்கும் சங்கம் ஒன்றுக்கு நான் செயலாளர். சங்கம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். ஒரு மேசை, இரண்டு கதிரை, பூட்டுச் சரியாக விழாத ஓர் இரும்பு அலுமாரி. கனடாவில் இருக்கும் என் மைத்துனரும் அவருடைய நண்பர்களும் கொஞ்சம் பணம் தருவதாகச் சொன்னார்கள். வட்டிக்கு விட வேண்டாம், மதுரைப் பக்கம் ஆட்டை வாரத்துக்கு விடுகிறார்களாம், அதைப் போய்ப் பார்த்து ஓர் அறிக்கை எழுது என்றார்கள். மைத்துனரோடு வேலை செய்யும் ஒருவருடைய தகப்பனார்தான் இந்த சாந்தாராம். வங்கியில் முப்பது வருடம் கடன் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர்.

வாரம் என்றால் பங்கு. ஆடு வைத்திருப்பவர் ஒரு பெட்டையாட்டை இல்லாதவர் கையில் வளர்க்கக் கொடுப்பார். தாயாடு கொடுத்தவருக்கு. போடுகிற குட்டிகளில் அவருக்கு ஒன்று, வளர்த்தவருக்கு ஒன்று. வட்டியில்லை, கையெழுத்தில்லை, கிழமைக்குக் கிழமை வாசல் படலையில் வந்து நிற்கும் ஆள் இல்லை. இதைக் கேட்டபோது எனக்கு உள்ளே எங்கேயோ குளிர்ந்தது, அதை மறைக்க மாட்டேன்.

காரணம் ஜெயந்தி. எங்கள் சங்கத்து அங்கத்தவர். தையல் மெசின் வாங்க ஒரு கம்பெனியிடம் கடன் எடுத்து, அதைக் கட்ட இன்னொரு கம்பெனியிடம் எடுத்து, கடைசியில் எங்களிடம் வந்தாள். என் மேசையில் ஒரு பக்கம் விண்ணப்பங்கள், மறு பக்கம் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்தவை. அவளுடையதை எடுத்து மறு பக்கம் வைத்தேன். "ஒரு கிழமை பொறுங்கோ பிள்ளை" என்றேன். அவள் பொறுக்கவில்லை. கிணற்றடியில் அவளுடைய செருப்பு மட்டும் இருந்தது.

சாந்தாராமின் மனைவி முள்முருங்கைக் கீரை வடை சுட்டிருந்தார். பச்சைப் பசேல் என்று, ஓரம் மொறுமொறுப்பாக. எங்கள் உளுந்து வடையை அதன் பக்கத்தில் வைக்கக் கூச்சமாக இருக்கும். வீட்டுக்குள் அவர்கள் சௌராஷ்டிர மொழியில்தான் பேசிக்கொள்கிறார்கள். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடவில்லை. அம்மா என்னைப் பார்த்தபடி ஏதோ கேட்டார். "இன்னும் ரெண்டு வடை வைக்கவான்னு கேக்குறா" என்று சாந்தாராம் மொழிபெயர்த்தார். வடை வரவில்லை. மாலையில் அவரே உண்மையைச் சொன்னார். "இந்த மனுசர் முகம் ஏன் இப்படி இருக்கு, வீட்டில யாராவது இறந்துட்டாங்களா" என்பதுதான் கேள்வியாம்.

ஆட்டுக் கடனைப் பற்றி அவருக்குச் சொல்ல நிறைய இருந்தது. "நாங்களும் ஆட்டுக்கு லோன் குடுத்தோம் சார். காதுல தோடு மாதிரி நம்பர் குத்தி, இன்சூரன்ஸ் போட்டு. ஆறு மாசத்துல ஆளு வருவாரு. ஆடு செத்துப்போச்சு சார்னு பொட்டலத்தைப் பிரிப்பாரு. உள்ள காது மட்டும் இருக்கும். ஆடு எங்கேயோ உயிரோட, ஒத்தக் காதோட மேஞ்சுக்கிட்டு இருக்கும்." சொல்லிவிட்டு வெகுநேரம் சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "நிஜமா செத்த ஆட்டுக்கும் நான் நம்பலை" என்றார்.

மறுநாள் புதன்கிழமை. நான் பார்க்க வேண்டிய பெண் பாண்டீஸ்வரி, திருமங்கலத்துக்கும் டி. கல்லுப்பட்டிக்கும் நடுவில் ஓர் ஊரில் இருந்தாள். திருமங்கலத்தில் பஸ் மாறினேன். ஊர் வந்ததும் சொல்வதாக நடத்துநர் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார். பஸ்ஸில் போட்ட பாட்டின் சத்தத்தில் என் மூளையே ஒரு பக்கம் ஒதுங்கிவிட்டது. பஸ் நின்றபோது எல்லாரும் இறங்கினார்கள். "கல்லுப்பட்டி வந்துருச்சுண்ணே, நீங்க இன்னும் இறங்கலையா?" என்று நடத்துநர் என்னையே குற்றம் சொன்னார்.

டி. கல்லுப்பட்டியில் ஒரு காந்தி ஆசிரமம் இருக்கிறது. கிராமத்துக்கு வேண்டியது கிராமத்திலேயே என்று இளவயதில் மேடை மேடையாய்ப் பேசியவன் நான். உள்ளே போய் ஒரு கும்பிடு போட்டுவிட்டு வரலாம் என்று நினைத்தேன். வெயில் அப்படி அடித்தது. நிழலில் நின்று ஒரு பன்னீர் சோடா குடித்துவிட்டு, திரும்பி வரும் மினி பஸ்ஸில் ஓர் உர மூட்டையின் மேல் உட்கார்ந்து போனேன்.

பாண்டீஸ்வரி நிறுத்தத்திலேயே காத்திருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கணவர் கேரளாவில் கட்டட வேலை, பணம் வரும் மாதமும் உண்டு, வராத மாதமும் உண்டு. "வாங்கண்ணே. தப்பிப் போயிட்டீகளா? கல்லுப்பட்டி பாத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிப் போகாமல், சாலைக்கு எதிர்ப்பக்கம் இருந்த ஒரு பூட்டிய கடைக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"இதுதேன்" என்றாள்.

ஒற்றை ஷட்டர். முன்னால் தகரக் கொட்டகை. பக்கத்தில் ஒரு வேப்பமரம். மில்லுக்குப் போகும் வேன் காலை ஆறு மணிக்கு இங்கேதான் ஆள் ஏற்றும் என்றாள். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் சமைத்திருக்க மாட்டார்கள். இட்லி போட்டு, அதற்குக் கறிக்குழம்பு ஊற்றினால் வேனே கொஞ்ச நேரம் நிற்கும். அடுப்பு எங்கே, இட்லிக் கொப்பரை எங்கே, கை கழுவுகிற இடம் எங்கே என்று மூடிய ஷட்டரைக் காட்டிக் காட்டிச் சொன்னாள். கடைக்குச் சொந்தக்காரரான கட்டடக்காரர் நாற்பதாயிரம் அட்வான்ஸ் கேட்டிருந்தார். வெள்ளிக்கிழமை சாயந்திரம்வரை அவளுக்காகப் பொறுப்பதாகச் சொல்லியிருந்தார்.

"வங்கியில கேட்டனீங்களோ?" என்றேன்.

"குழுவுல லோன் எடுத்தோம்ணே, பத்துப் பேரு. ஒருத்தி கட்டாம ஊர விட்டே போயிட்டா. மத்த ஒம்பது பேருக்கும் கதவச் சாத்திட்டாக. நான் கட்டி முடிச்ச சீட்டக் காட்டுனேன். அது சரிம்மா, ஆனா கம்ப்யூட்டர்ல உங்க பேரும் செவப்பாத்தான் காட்டுதுன்னுட்டாரு."

இதே பேச்சை நான் வவுனியாவில் கேட்டிருக்கிறேன். ஒரு வித்தியாசம். அங்கே "பிள்ளை" என்று கூப்பிட்டு இதைச் சொல்பவன் நான்.

வீட்டுப் பின்பக்கம் கொட்டில். மாயாண்டி என்ற ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் நாலு வருடத்துக்கு முன்பு விட்ட இரண்டு தாயாடுகள். அவை போட்ட குட்டிகளில் மாயாண்டிக்குப் போனதுபோக, மகள் படிப்புக்கு விற்றதுபோக, இப்போது பாண்டீஸ்வரிக்கென்று நாலு உருப்படி இருந்தன. இரண்டு பெட்டை, ஒரு இளங்கிடா, ஒரு பெரிய கிடா. பெரியது கருகருவென்று, முன்னால் வந்து நின்றால் நாம் விலகிப் போகவேண்டும். மற்ற மூன்றும் சேர்ந்து வரும் விலைக்கு அது ஒன்று கிட்டத்தட்ட ஈடாகும். நாலையும் வெள்ளிக்கிழமை திருமங்கலம் சந்தையில் விற்றால் நாற்பதாயிரம் தேறிவிடும். நான் படிவத்தை எடுத்து, உற்சாகமாகவே எழுதத் தொடங்கினேன். இளங்கிடா வந்து தாளின் ஒரு மூலையைக் கடித்துவிட்டது.

பெரிய கிடாவின் கழுத்தில் மட்டும் ஒரு மஞ்சள் கயிறு இருந்தது. அழகுக்கு என்று நினைத்தேன்.

"நேந்துவிட்டதுண்ணே" என்றாள், என் பார்வையைப் பார்த்து. "கருப்பசாமிக்கு."

போன ஐப்பசி மழையில் ஊரெல்லாம் ஆடுகளுக்குக் கழிச்சல் கண்டிருக்கிறது. கொட்டிலுக்குக் கொட்டில் செத்து விழுந்திருக்கின்றன. மாயாண்டியின் மூத்த தாயாடு மூன்று நாள் தலை தூக்கவில்லை. மாயாண்டி சென்னையில் மகள் வீட்டில் இருந்தார். போன் அடித்தால் எடுக்கவில்லை. இந்த ஊரில் முன்பு ஒருவர் வாரத்து ஆட்டை விற்றுவிட்டுச் செத்துப்போனது என்று சொல்லிப் பிடிபட்டாராம். அதன்பிறகு அவருக்கு எவரும் ஒரு கோழிக்குஞ்சுகூட வளர்க்கக் கொடுத்ததில்லை.

"அவரு வாரதுக்குள்ள செத்துச்சுன்னா நாறும், பொதைக்கத்தேன் செய்யணும். பொதைச்சுட்டுச் செத்துப்போச்சுண்ணேன்னு சொன்னா அவரு மனசுல என்ன தோணும்? அதேன், இத எந்திரிக்க வச்சிரு சாமி, என் கிடாவ உனக்குத் தாரேன்னு கயித்தக் கட்டிட்டேன். மறுநாளு தண்ணி குடிச்சுச்சு."

மாயாண்டியின் ஆடு பிழைப்பதற்காக அவள் தன் ஆட்டைக் கொடுத்திருந்தாள். படிவத்தில் இதற்கு இடம் இருக்கவில்லை.

"அப்ப இதை விற்கேலாதே?" என்றேன்.

"நாளைக்குச் சாமிகிட்டயே கேட்டுருவோம்ணே. இப்ப இத வித்துக்கிறேன், அடுத்த வருசம் இளங்குட்டி ஒண்ணு தாரேன்னு. பூக்கட்டிப் பாப்போம். அது விட்டுக் குடுத்துரும்." அவள் முகத்தில் ஒரு சந்தேகமும் இல்லை. தெரிந்த அதிகாரியிடம் தவணை கேட்கப் போகிறவள் மாதிரிப் பேசினாள்.

அன்று இரவு திருமங்கலத்தில் ஒரு லாட்ஜில் தங்கினேன். புரோட்டாவைப் பிய்த்துப்போட்டு மேலே சால்னாவை ஊற்றினார்கள். எங்கள் ஊரில் கொத்து ரொட்டி கொத்துகிற சத்தத்துக்கே ஒரு பசி வரும். இங்கே சத்தமில்லாமல் பசி தீர்ந்தது. நன்றாகத் தூங்கினேன். அதற்குப் பிறகு அந்தப் பயணத்தில் நான் நன்றாகத் தூங்கவில்லை.

வியாழக்கிழமை காலை கோயில். கோயில் என்றால் ஒரு புளியமரம், அதன் அடியில் சில அரிவாள்கள், ஒரு சின்னத் தகரக் கூரை. பூசாரி பாண்டீஸ்வரியின் கணவருக்குப் பங்காளி முறை. சோழவந்தான் வெற்றிலை, பாக்கு, சூடம், எலுமிச்சை எல்லாம் அவள் வாங்கி வந்திருந்தாள். பூசாரி செவ்வரளிப் பூவை ஒரு வாழையிலைத் துண்டிலும் வெள்ளைப் பூவை இன்னொன்றிலும் மடித்து, நார் போட்டுக் கட்டினார். இரண்டும் ஒரே மாதிரி இருந்தன. வெள்ளை வந்தால் சாமி விட்டுக் கொடுத்துவிட்டது. சிவப்பு வந்தால் இந்தக் கிடாதான் வேண்டும். சூடம் காட்டி, இரண்டையும் குலுக்கிச் சாமிக்கு முன்னால் போட்டார்.

"யாரு எடுக்கிறது? சின்னப்புள்ளைக எல்லாம் பள்ளிக்கூடம் போயிருச்சே" என்று பூசாரி சுற்றிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "இவரு எடுக்கட்டும்த்தா. அசலூரு. நம்ம பங்காளியும் இல்ல, மாமன் மச்சானும் இல்ல. இவருக்கு எதுவும் வேண்டியதில்ல."

"எடுங்கண்ணே" என்றாள் பாண்டீஸ்வரி.

எனக்கு வேண்டியதில்லை என்று அவருக்கு யார் சொன்னது? செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்க் குனிந்தேன். இடப்பக்கத்துப் பொட்டலத்தின் மேல் விரல் பட்டது. பட்டபிறகு, ஏனென்று இன்றுவரை தெரியவில்லை, கையை மாற்றி வலப்பக்கத்தை எடுத்தேன்.

பூசாரி பிரித்தார். செவ்வரளி.

"இன்னொரு தடவை பார்க்கேலாதோ?" என்று நான்தான் கேட்டேன். எங்கள் ஊரில் மூன்று தடவை பார்ப்பார்கள் என்று பொய்கூடச் சொன்னேன். பூசாரி தலையை ஆட்டினார். "ஒரு தடவதேன்ணே. நேந்தது நேந்ததுதேன். ஞாயித்துக்கிழமை பொங்கல் வச்சுருவோம்த்தா." பாண்டீஸ்வரி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு, எனக்கும் பூசச் சொன்னாள்.

நான் என் கையைப் பார்த்துக்கொண்டு நடந்தேன். ஜெயந்தியின் தாளை மேசையின் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் மாற்றி வைத்த கையும் இதுதான்.

வீட்டு வாசலில் வைத்துக் கேட்டேன். "நான் கொஞ்சக் காசு தரட்டே பிள்ளை? வட்டி ஒண்டும் வேண்டாம். கையில இருக்கேக்க தாங்கோ." சங்கத்துப் பணத்தை எடுக்க முடியாது. என் கைச்செலவுக்கு வைத்திருந்ததில் ஒரு பங்கு கொடுக்கலாம். கொடுத்தால் திரும்பும்வரை எப்படிச் சமாளிப்பது என்ற கணக்கும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. அது என் குரலிலும் இருந்திருக்க வேண்டும்.

அவள் சிரித்தாள். "வேண்டாம்ணே. நீங்க ஊருக்குப் போயிருவீக. நான் எங்க வந்து குடுக்கிறது? கடன் வாங்குனா வாங்குனவுகளுக்கு ஒரு நல்லது கெட்டதுன்னா நான் போய் நிக்கணும்ல. உங்க வீட்டுக் காரியத்துக்கு நான் கப்பலேறி வர முடியுமா?"

நான் இரண்டாம் தடவை கேட்கவில்லை. கேட்கவில்லை என்பதோடு, எனக்கு ஓர் ஆறுதலும் வந்தது. அதை எழுதாமல் விட்டால் இந்தக் கட்டுரை முழுக்கப் பொய்.

வெள்ளிக்கிழமை விடியவே சந்தை. சாந்தாராம் முதல் பஸ்ஸில் மதுரையிலிருந்து வந்துவிட்டார். பாண்டீஸ்வரி மூன்று ஆடுகளையும் ஒரு லோடு ஆட்டோவில் ஏற்றி வந்திருந்தாள். பாதி வழியில் ஆட்டோ நின்றுவிட, டிரைவரும் அவளும் இறங்கித் தள்ளினார்களாம். ஆடுகள் மேலே நின்று வேடிக்கை பார்த்ததாகச் சொன்னாள். அதைச் சொல்லும்போதும் சிரித்தாள். இருபதாயிரம் வந்துவிட்டால் கட்டடக்காரரிடம் பாதியைக் கொடுத்துவிட்டு மீதிக்குத் தவணை கேட்கலாம் என்பது அவளுடைய யோசனை.

எத்தனை ஆடுகள் என்று எனக்குச் சொல்லத் தெரியாது. கண் போகிற இடமெல்லாம் கொம்பு. இந்த வருடம் மழை பொய்த்து மேய்ச்சல் இல்லாததால் ஊரே விற்க வந்திருக்கிறது என்றார்கள். விற்கிறவனும் வாங்குகிறவனும் கையைக் கோத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுகிறார்கள். பாண்டீஸ்வரி பெண் என்பதால் அவளுக்காகத் தரகர் ஒருவர் துண்டுக்குள் கைவிட்டார். அவளுடைய நாலு வருடம் அந்தத் துண்டுக்குள் எப்படிப் பேசப்பட்டது என்பது அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. துண்டை எடுத்தபோது தரகர் "பத்தொம்போது ரூவாத்தா, மூணுக்கும். இதுக்கு மேல கெடையாது" என்றார். பத்தொன்பதாயிரம்.

கேரளாவிலிருந்து வந்த வியாபாரி ஒருவர் பெரிய கிடாக்களை மட்டும் பொறுக்கிக்கொண்டிருந்தார். சாந்தாராம் போய் விசாரித்துவிட்டு வேகமாக வந்தார். "அம்மா, உங்க பெரிய கிடா மாதிரி ஒண்ணுக்கு இருபத்தி மூணு குடுத்துட்டுப் போறாரு. இன்னும் நேரம் இருக்கு. ஆட்டோவை அனுப்பிக் கொண்டாரச் சொல்லுங்க. கயிறைக் கழட்டிட்டா அவருக்கு என்ன தெரியப்போகுது? சாமிக்கு அடுத்த வருசம் ரெண்டாக் குடுங்க."

பாண்டீஸ்வரி கோபப்படவில்லை.

"சாமி பொறுத்துக்கிரும் சார். ஊரு பொறுக்காது. சாமிக்குச் சொன்ன சொல்லையே மாத்துனவன்னு ஆயிட்டா, நாளைக்கு எவன் எனக்கு ஆடு விடுவான்?"

முப்பது வருடம் கடன் பிரிவில் இருந்த மனிதர் என் காதருகே வந்து, "எங்க பேங்கில இப்படி ஒருத்தரும் யோசிச்சு நான் பார்த்ததில்லை சார்" என்றார். பார்த்திருந்தாலும் என்ன செய்திருப்பார்? கம்ப்யூட்டர் சிவப்பாகத்தான் காட்டியிருக்கும்.

சந்தையிலிருந்து நேரே கட்டடக்காரர் வீட்டுக்குப் போனோம். சாயந்திரம்வரை தவணை. நாங்கள் போனது காலை பத்து மணிக்கு. அவர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தார். கெட்டவர் மாதிரித் தெரியவில்லை. மோர் கொண்டுவரச் சொன்னார்.

"நேத்துச் சாயந்திரம் ஒருத்தரு வந்தாரும்மா. செல்போன் கடை போடப்போறாராம். அறுபதா அட்வான்ஸ் தாரேன்னு சொல்லி, நின்ன எடத்துலயே போன்ல அனுப்பிட்டாரு. உனக்குக் கோயில்ல செவப்பு வந்துருச்சுன்னு ஊர்ல பேசிக்கிட்டாக. சரி, நீ எங்க பெரட்டப்போறன்னு..."

என் கை எடுத்த பூ அவர் வீட்டுக்கு எங்களுக்கு முன்பே வந்துவிட்டது. மோரைக் குடித்தோம். பெருங்காயம் தூக்கலாக இருந்தது. பாண்டீஸ்வரி தம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "வாரேன்ணே" என்று அவரிடம் விடைபெற்றாள். வழியில் அந்தக் கடையைக் கடந்துதான் போகவேண்டும். அவள் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

வவுனியாவுக்குத் திரும்பிவிடலாம் என்றிருந்தது எனக்கு. ஞாயிற்றுக்கிழமைக்கு இருந்தே ஆகவேண்டும் என்று அவள் சொல்லிவிட்டாள். பூ எடுத்தவர் பொங்கலுக்கு இல்லாமல் போகக் கூடாதாம். இரண்டு நாள் சாந்தாராமின் வீட்டில் படிவத்தை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அம்மா வடையோடு வந்து ஏதோ சொன்னார். "சாப்பிடச் சொல்றா" என்றார் அவர். இந்த முறை மொழிபெயர்ப்பு சரி என்று பட்டது.

ஞாயிறு காலை புளியமரத்தடியில் கூட்டம். கிடாவுக்கு மாலை போட்டிருந்தார்கள். தலையில் தண்ணீர் தெளித்தார்கள். அது சிலிர்த்தால் சாமி ஏற்றுக்கொண்டதென்று அர்த்தம். அது உடனே சிலிர்த்தது. ஒரு நிமிடமாவது சும்மா நின்றிருக்கலாம். நான் மரத்துக்குப் பின்பக்கம் போய்விட்டேன்.

சமையல் பாண்டீஸ்வரி கையில். மூன்று கல் கூட்டிய அடுப்புகள். சின்ன வெங்காயம், மல்லி, மிளகு, தேங்காய் எல்லாம் அம்மியில் அரைத்துக் கொண்டுவந்திருந்தாள். காலையில் வீட்டிலேயே இட்லி ஊற்றி, துணி விரித்த கூடைகளில் எடுத்து வந்திருந்தாள். அடுப்பிலிருந்து அடுப்புக்கு அவள் போன வேகத்தில், யார் விறகு தள்ளுவது, யார் இலை போடுவது என்று சொன்ன குரலில், மூடிய ஷட்டரைக் காட்டி அவள் சொன்ன கடையை நான் முழுதாகப் பார்த்தேன்.

இடையில் என் பக்கம் வந்தபோது மெதுவாகச் சொன்னாள். "நாத்தனா வந்துருச்சுண்ணே நேத்து. மகனுக்குக் காலேசுல பீஸ் கட்டணுமாம். பத்து குடுத்துட்டேன். ஆடா நின்னா யாரும் கேக்க மாட்டாக. நோட்டா மாறிருச்சுன்னா எல்லாருக்கும் தெரிஞ்சு போகுது." மீதி ஒன்பதில் பொங்கல் செலவு போய்க்கொண்டிருந்தது.

பந்தியில் எனக்குப் பக்கத்தில் மாயாண்டி. பெரிய மீசை, சத்தமான ஆள். நான் யாரென்று தெரிந்ததும் வாரத்தைப் பற்றி அவரே விளக்கினார். நான் படிவத்திலிருந்த ஒரு கேள்வியைக் கேட்டேன். தாயாடு இறந்துவிட்டால் நட்டம் யாருக்கு?

"எனக்குத்தேன். வளக்கிறவுக என்னண்ணே செய்வாக? போன ஐப்பசியில என் ஆடு சாகக் கெடக்குன்னு சென்னைக்கே சேதி வந்துருச்சு. செத்தாச் சாகட்டும்னு இருந்துட்டேன். பாண்டீஸ்வரி பொய் சொல்லுவாளா?"

"நீங்கள் இதை அவவிட்டச் சொன்னனீங்களோ?" என்றேன்.

"எத?"

"அவ பொய் சொல்லமாட்டா எண்டு உங்களுக்குத் தெரியும் எண்டதை."

மாயாண்டி எலும்பை உறிஞ்சுவதை நிறுத்திவிட்டு என்னை விநோதமாகப் பார்த்தார். "இதையெல்லாமாண்ணே சொல்லிக்கிட்டு இருப்பாக?"

பந்தி முழுக்க ஒரே பேச்சு. குழம்பு இப்படி, கறி அப்படி. "ஏத்தா, நீ மட்டும் ஒரு கடை போட்டேன்னு வையி, மதுரையில இருந்து கார் எடுத்துக்கிட்டு வருவாங்கெ" என்றார் ஒரு பெரியவர். எல்லாரும் ஆமாம் என்றார்கள். கட்டடக்காரரும் இரண்டாம் தடவை குழம்பு கேட்டு வாங்கினார். அவரும் ஆமாம் என்றார். இவர்களில் யாரும் கொடியவர்கள் இல்லை. இதை எழுதும்போதும் யாரையாவது திட்டலாம் என்று தேடித்தான் பார்க்கிறேன். கிடைக்கவில்லை, என்னைத் தவிர.

கனடாவுக்கு நான் எழுதிய அறிக்கை ஒரு பக்கம்தான். வாரம் நல்ல முறை, வட்டி இல்லை, ஆடுகள் பெருகுகின்றன என்று எழுதினேன். எல்லாம் உண்மை. ஒரு மூலை கடிபட்ட தாளில் அதற்குமேல் எழுத எனக்குத் தெரியவில்லை.

அன்று பந்தியில் கடைசியாகப் பாண்டீஸ்வரியே கரண்டியோடு என் இலைக்கு வந்தாள். நெற்றி வியர்வை புருவத்தில் நின்றது. மாயாண்டி சொன்னதைச் சொல்லிவிடலாமா என்று வாய்வரை வந்தது. அந்தக் கயிறே தேவையில்லை பிள்ளை, உன்னை அவர் நம்பித்தான் இருந்தார் என்று. சொன்னால் அவளுக்கு எது மிஞ்சும்? சாமிக்குக் கொடுத்தேன் என்ற ஒன்றாவது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அதுவும் சரியா என்று தெரியவில்லை.

"குழம்பு எப்படிண்ணே?"

"இப்பிடி நான் சாப்பிட்டதில்லை பிள்ளை."

"நாலு இட்லி, குழம்பு, ரெண்டு துண்டு கறி." அவள் என் இலையைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "கடையா இருந்தா எம்புட்டுண்ணே குடுப்பீக?"

நான் யோசித்து ஒரு விலை சொன்னேன்.

"அம்புட்டு யாரும் குடுக்க மாட்டாக, மில்லுக்குப் போறவுக. இருபது ரூவா கொறைக்கணும். அப்பத்தேன் தெனமும் வருவாக" என்றாள். அவள் அதையெல்லாம் எப்போதோ யோசித்து வைத்திருந்தாள். இன்னும் ஒரு கரண்டிக் குழம்பை ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள். நான் சாப்பிட்டு முடித்தேன்.